காலேஜ் என்று சொன்ன இடம்

"பொண்ணு கோயம்புத்தூர்ல காலேஜ் படிச்சுதுங்க. அங்கியே ஹாஸ்டல்."

சொல்லி முடித்துத் தருமன் தோள்துண்டைச் சரிசெய்தார். வேங்கிக்கால் வீட்டுக் கூடத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் தலையாட்டினார்கள். காப்பித் தட்டோடு நின்ற ரேவதி அப்பாவைப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

பதினாறு வயதில் அவளை நூற்பாலைக்கு அனுப்பியவர் அவர்தான். பஞ்சு பறக்கும் கொட்டகையில் மூன்று வருஷம் நின்றாள். அந்தச் சம்பளத்தில்தான் மூத்தவளுக்குக் கல்யாணம் நடந்தது. மில் ஹாஸ்டலில் இருந்த பெண் என்றால் ஊர் ஒரு மாதிரி பேசும், வாயைத் திறக்காதே என்று அவளிடம் சொல்லிவைத்தவரும் அவர்தான்.

மாப்பிள்ளையின் அப்பா முருகவேலுக்குத் தேரடியில் ஜவுளிக்கடை. பேச்சு சுற்றிச் சுற்றிக் கடைக்கு வந்தது. பையிலிருந்து ஒரு சட்டைத்துணியை எடுத்துக் காட்டினார்.

"சுத்தமான காட்டன்னு குடுத்தான். நாலு தடவ துவைக்கறதுக்குள்ள பிசிறு பிசிறா வந்துடுச்சி. இன்னா கோளாறுனே தெரில."

ரேவதி தட்டை வைத்துவிட்டுத் துணியின் ஓரத்தில் ஓர் இழையை உருவினாள். விரலிடுக்கில் முறுக்கைப் பிரித்தாள்.

"காட்டன்தாங்க. ஆனா கோம்பிங் பண்ணல. அது பண்ணா குட்டை இழையெல்லாம் கழிஞ்சிடும், நீள இழை மட்டும் நிக்கும், நூலு வழவழன்னு வரும். இதுல குட்டை இழை ஜாஸ்தி. போர்வைக்கு ஆகும், சட்டைக்கு ஆகாது."

முருகவேல் அசந்துபோனார். "அடேங்கப்பா! இதெல்லாம் காலேஜ்ல சொல்லித் தராங்களாம்மா?"

தருமனுக்குக் காதுமடல் சுட்டது. தலை தானாகக் கவிழ்ந்தது.

"இல்லிங்க. மில்லுல கத்துக்கிட்டேன். மூணு வருஷம் வேல செஞ்சேன்."

முருகவேலின் மனைவி டம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தாள். "மில்லு ஹாஸ்டல்லயா? தனியாவா?"

"எழுபது பொண்ணுங்க இருந்தோம்."

"அப்படின்னா நமக்கு சரிப்படாது" என்று அவள் எழுந்துகொண்டாள். முருகவேல் துணியை மடித்துப் பைக்குள் வைத்தார். மாப்பிள்ளை அவர்களுக்கு முன்னால் வாசலுக்கு நடந்தான்.

தருமன் வாசலுக்கு ஓடினார். கெஞ்சத்தான் போகிறார் என்று அவர் மனைவி தங்கம்மாளும் பின்னால் வந்தாள். அவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்க. காலேஜுனு சொன்னது பொய். அதுக்குத்தான் மன்னிப்பு கேக்குறேன். எம் பொண்ணு மில்லுக்குப் போனதுக்கு இல்ல. உங்க கடையில தொங்குற துணிக்கெல்லாம் இந்த மாதிரி பொண்ணுங்கதான் நூல் நூத்துத் தராங்க."

கார் போய்விட்டது. தங்கம்மாள் தலையிலடித்துக்கொண்டு உள்ளே போனாள். தருமன் வெயிலிலேயே நின்றார். முதலில் யாரிடம் அவர் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டுமோ, அந்த ரேவதி கூடத்தில் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள்.