வெறுங்கையோடு முதலில் வந்தவர்

1958ஆம் ஆண்டு சென்னையில் கல்லூரிகளுக்கிடையே நடந்த ரிலே பந்தயத்தின் மூன்றாவது ஆள், போன ரம்ஜான் மாதத்தில் டெக்சாஸ் காப்பெலில் இருக்கும் எங்கள் தெருவுக்கு ஓடி வந்து சேர்ந்தார். பெயர் நூர் முகம்மது. வயது அன்றைக்கிருந்த அதே இருபதுதான். நெஞ்சில் ஊக்கு குத்திய எண் துணி, கையில் மரக்கட்டை. ரிலேயில் கட்டையை வைத்திருப்பவர் அடுத்தவர் வாங்கும்வரை நிற்கக் கூடாது என்று நினைத்திருந்தார், நிற்காமல் தெருவைச் சுற்றிச் சுற்றி ஓடினார். டெலிவரி ஆள் என்று எண்ணி இரண்டு வீட்டில் ரிட்டர்ன் பெட்டியை நீட்டினார்கள். ஷ்யாமளா ஆன்ட்டி மெயில்பாக்ஸ் மேல் தண்ணீர் பாட்டில் வைத்தார். நோன்பாம், பொழுது இறங்கும்வரை தொடவில்லை. இறங்கியதும் ஓடிக்கொண்டே குடித்தார்.

கட்டையை வாங்க வேண்டிய நான்காவது ஆள் மூலை வீட்டு மணியன் அங்கிள். மகள் மானஸாவோடு இருக்கிறார். வீட்டுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்துகளில் தயிர்சாதம் வருவதற்குள் அந்தப் பந்தயத்தை ஒருமுறை ஜெயித்துவிடுவார். முதலில் வந்தது அவர்தான், அதில் பொய்யில்லை. கட்டை வருமுன்னே கிளம்பிவிட்டதை மட்டும் சொன்னதில்லை. நடுவர் கையைத் திறக்கச் சொன்னபோது உள்ளே ஒன்றுமில்லை. வாங்க ஆளில்லாத நூர் முகம்மது மைதானத்தின் வாசல் வழியாக வெளியே ஓடினார். இத்தனை வருஷம் ஆனது அவர் குற்றமில்லை. மணியன் குடும்பம் முதலில் இருந்த பார்சிப்பனியை அவர் எட்டியபோது மானஸாவின் கான்ட்ராக்ட் முடிந்து குடும்பம் சன்னிவேல் போயிருந்தது. சன்னிவேலை எட்டியபோது லே-ஆஃபில் வேலை போய், வாடகை கட்டுப்படியாகாமல் காப்பெல் வந்திருந்தது. கடலை எப்படிக் கடந்தீர்கள் என்று எதிர்வீட்டு சிவராமகிருஷ்ணன் கூடவே ஓடிக் கேட்டார். "ஈரமா இருந்துச்சு சார்" என்று மட்டும் பதில் வந்தது.

சித்திரை வெயிலில் அவர் தூங்கிக்கொண்டே ஓட ஆரம்பித்தார். கண் மூடியிருக்கும், கால் வளைவில் தானாகத் திரும்பும். மூலை வீட்டைத் தாண்டும்போது மட்டும் விழித்து, "டேய் மணியா, கை நீட்டுடா!" என்பார். மானஸா ஜன்னல் ப்ளைண்ட்ஸை இழுத்து மூடினாள். "ஹார்ட்ல மூணு ஸ்டென்ட் இருக்குப்பா. கட்டையை வாங்கினா நீங்க ஓடணும். ஓடினா இருக்க மாட்டீங்க. டிவியப் பாருங்க." மணியன் டிவி பார்த்தார். பாட்லக்கில் பந்தயம் நின்றுபோனது. தெருவில் எல்லாருக்கும் அந்தக் காலடிச் சத்தம் ஃப்ரிட்ஜ் சத்தம்போலப் பழகிவிட்டது, மணியனைத் தவிர.

ஒருநாள் மத்தியானம் குரல் வரவில்லை. மணியன் ப்ளைண்ட்ஸை விலக்கினார். வெளியே ஓடுகிறவரின் உதடு மட்டும் அசைந்தது. "அவன் தூங்கணும்மா" என்று சொல்லிவிட்டு வாக்கரைத் தள்ளிக்கொண்டு டிரைவ்வேயில் போய் நின்றார். வாங்குகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது அந்தக் காலப் பயிற்சி. முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளங்கையைப் பின்னால் நீட்டினார். இந்தத் தடவை மரம் தோலில் படும்வரை அசையவில்லை.

மெயில்பாக்ஸ்கள் வரை நூற்றுப்பத்து கெஜம், அன்றைக்கு அவர் பங்குக்கு ஓட வேண்டியிருந்த அதே தூரம். அதற்கு ஒரு மத்தியானம் முழுக்கப் பிடித்தது. ஸ்கூல் பஸ் நின்றது, கார்கள் நின்றன, யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. மானஸா திட்டிக்கொண்டே கூட நடந்தாள். பாதி வழியில் திட்டுவதை நிறுத்திவிட்டு முன்னால் ஓடி, துப்பட்டாவின் ஒரு முனையை ஷ்யாமளா ஆன்ட்டியிடம் கொடுத்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். "மெதுவா வாங்கப்பா, பின்னாடி யாருமில்ல." மணியனின் நெஞ்சு துணியில் பட்டது. "டெக்னிக்கலா கடைசி இடம்" என்றார் சிவராமகிருஷ்ணன். யாரும் கேட்காமலே மணியன் கையைத் திறந்து காட்டினார். கட்டை இருந்தது. மூச்சும் இருந்தது.

நூர் முகம்மது நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்தார். இரண்டாவது ஷூவைக் கழற்றுவதற்குள் தலை நரைத்து, பல் போய், மணியன் வயதுக்கு வந்துவிட்டார். மானஸா வீட்டு கெஸ்ட் ரூமில் படுத்தவர் இன்னும் எழவில்லை. குறட்டை தெருவரை கேட்கிறது. பாட்லக்கில் மணியன் இப்போது "நாங்க கடைசியா வந்தோம்" என்கிறார். செவ்வாய்க்கிழமை குப்பை வண்டி அந்த வீட்டுக்கு முன்னால் மட்டும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு போகிறது.