ஐந்தாவது பெனால்டி

கால்பந்து இறுதி ஆட்டத்தன்று காலை எட்டு மணிக்கு டீம் டாக்டர் வராந்தாவிலேயே நின்றுகொண்டு, மூடிய கதவைப் பார்த்துச் செய்தியைச் சொன்னார். கீப்பருக்குக் கொரோனா பாசிட்டிவ். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, மரியாதைக்கு ஒரு தும்மல்கூட இல்லை. ஆள் அப்போதுதான் நாற்பது தண்டால் எடுத்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தப்பா இருக்கும் டாக்டர். இன்னொரு தடவை பாருங்க."

"ரெண்டு தடவை பாத்தாச்சுப்பா. பத்து நாள் கதவத் திறக்காத. சாப்பாடு வாசல்ல வைப்பாங்க."

பிறகு கதவின் குறுக்கே டேப் ஒட்டுகிற சத்தம் கேட்டது. கீப்பர் அதைக் கேட்டுக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தான். ஐம்பத்து நான்கு நாளாக ஓட்டல், பஸ், மைதானம், பஸ், ஓட்டல் என்று ஒரே தடத்தில் ஓட்டியிருந்தார்கள். வீட்டுக்குப் போகக் கூடாது, கடைக்குப் போகக் கூடாது, பக்கத்து அறைக்காரனோடு சீட்டாடக்கூடக் கூடாது. அத்தனையையும் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தது இந்த ஒரு நாளுக்காக. அந்த நாளும் வந்தது, அவனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனது.

அறை எட்டாவது மாடியில் இருந்தது. ஜன்னலைத் தள்ளினால் ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் திறக்கும். அதற்குமேல் விடாமல் ஓட்டல்காரர்கள் இரும்புக் கட்டை வைத்திருந்தார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் மைதானம். கூரைக்கும் ஸ்கோர் போர்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் வடக்குப் பக்கத்து கோல் மட்டும் முழுதாகத் தெரிந்தது. மற்ற வருஷமாக இருந்தால் இந்த அறைக்கு அடிதடி நடந்திருக்கும். இப்போது மைதானத்துக்குள் ஈ, காக்கை இல்லை.

பத்து மணிக்குப் பெஞ்சு அண்ணன் ஃபோன் செய்தார். இரண்டாவது கீப்பர். முப்பத்தேழு வயது. ஆறு வருஷமாக உட்கார்ந்தே இருப்பதால் அந்தப் பெயர்; வைத்தவர்களுக்குக் கூச்சமும் இல்லை, அவருக்குக் கோபமும் இல்லை.

"டேய், நான்தான் நிக்கிறேனாம்டா," என்றார். "காலைலேர்ந்து மூணு தடவ வாந்தி எடுத்துட்டேன்."

"அண்ணே, உங்களுக்குத் தெரியாததா? நோட்டு இருக்குல்ல?"

"நோட்டு இருக்கு. நான் உள்ள நின்னா எனக்கு யாருடா கத்துறது?"

விஷயம் இதுதான். எதிரணியில் யார் யார் பெனால்டியை எந்தப் பக்கம் அடிப்பார்கள் என்று பெஞ்சு அண்ணன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். கூட்டம் இல்லாத மைதானத்தில் அவர் பெஞ்சிலிருந்து கத்தினால் கோல் வரைக்கும் கணீரென்று கேட்கும். எதிராளிக்குப் புரிந்துவிடக் கூடாது என்று இருவரும் இரண்டு வார்த்தைகளை வைத்துக்கொண்டார்கள். கீப்பரின் வலப்பக்கம் என்றால் 'குடை', இடப்பக்கம் என்றால் 'வாளி'. இந்தத் தொடரில் கீப்பர் மூன்று பெனால்டி பிடித்தான். மூன்றும் அண்ணனின் வாளியும் குடையும்தான். பத்திரிகைகள் கீப்பரைத் தலையில் தூக்கி வைத்து ஆடின. எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, "உள்ளுக்குள்ள தோணுச்சு" என்று இவன் கூசாமல் சொன்னான். அண்ணன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தாரே ஒழிய ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று கீப்பருக்கு இருந்தது.

ஆட்டம் நான்கு மணிக்குத் தொடங்கியது. மனைவி வீட்டிலிருந்து வீடியோவில் வந்தாள். அவள் லேப்டாப்பில் இணையம் வழியாகப் பார்த்தாள். அவளுக்குப் படம் அரை நிமிஷம் தாமதமாகத்தான் வரும். இவனுக்கோ ஜன்னல் வழியாகப் பந்து உதைபடுகிற சத்தமே வந்துவிடும். அதனால் இவன் வாயைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியிருந்தது.

"யாருக்காக வேண்டிக்கிறதுன்னே தெரியலங்க," என்றாள்.

அவள் கஷ்டம் அவளுக்கு. எதிரணியில் முன்னால் நின்று ஆடுகிறவன் அவளுடைய தம்பி, கீப்பரின் மச்சினன். இருபத்து மூன்று வயது. அப்பா இல்லாத வீட்டில் இவள்தான் அவனைத் தூக்கி வளர்த்தாள். முதல் பூட்ஸ் வாங்கிக்கொடுத்ததும் இவள்தான்.

"அவன் நொண்டுறானா பாருங்களேன்."

"தெரியல," என்றான் கீப்பர். தெரிந்தது. பார்க்கத் தெரிந்தவனுக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு.

இரண்டு நாளைக்கு முன்பு அவள்தான் சொன்னாள். பயிற்சியில் தம்பியின் இடது கணுக்கால் பிசகிவிட்டது. கோச்சுக்குத் தெரிந்தால் உட்கார வைத்துவிடுவார் என்று ஒருவருக்கும் மூச்சு விடாமல் கட்டுப்போட்டுக்கொண்டு ஆடப் போகிறான். அக்காவிடம் மட்டும் சொல்லியிருந்தான். அக்கா புருஷனிடம் சொன்னாள். "பந்தப் பிடிக்கப் பாயும்போது அந்தக் கால் மேல மட்டும் விழுந்துடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." கீப்பர் சத்தியமே செய்து கொடுத்திருந்தான்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. கூடுதல் நேரமும் கரைந்தது. பெனால்டி. நாணயம் சுண்டினார்கள், வடக்கு கோல் என்று விழுந்தது.

கீப்பர் அதுவரை பார்த்துக்கொண்டிருந்த டிவியை அணைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனான். ஃபோனைப் பக்கத்து மேஜையில் சாய்த்து வைத்தான். கீழே பெஞ்சு அண்ணன் கோலுக்குள் நின்று கையுறையை அவிழ்த்து மாட்டி, அவிழ்த்து மாட்டிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்கவே இவனுக்குப் பாவமாக இருந்தது.

முதல் நான்கில் அண்ணன் மூன்று தடவை சரியான பக்கம்தான் பாய்ந்தார். நோட்டு பொய் சொல்லவில்லை, கைதான் எட்டவில்லை. இரண்டு தரப்பிலும் நான்கு நான்கு. பிறகு இவர்களுடைய ஐந்தாவது ஆள் அடித்தான், உள்ளே போனது. இனி எதிரணியின் ஐந்தாவது. அதைப் பிடித்தால் கோப்பை.

நடுக்கோட்டிலிருந்து மச்சினன் நடந்து வந்தான்.

நோட்டில் மச்சினன் பெயருக்கு எதிரே 'வாளி' என்று இருக்கும். பன்னிரண்டில் பதினொன்று அந்தப் பக்கம். ஆனால் அப்படி அடிக்க வேண்டுமென்றால் ஊன்றுகிற இடது கால் உறுதியாக நின்று இடுப்பு திரும்ப வேண்டும். இன்றைக்கு அந்தக் கால் நிற்காது. உடம்புக்குக் குறுக்கே மறுபக்கம் இழுத்து அடிக்க மட்டும்தான் அவனால் முடியும். அது குடை. உலகத்திலேயே அது தெரிந்த கீப்பர், ஜன்னலுக்குப் பின்னால் சும்மா நிற்கிற இவன் ஒருவன்தான்.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. அண்ணன் வாளிப் பக்கம் பாய்வார், பந்து குடைப் பக்கம் போகும். கிடைத்த ஒரே ஆட்டத்தில் ஒரு பெனால்டிகூடப் பிடிக்காதவர் என்று ஊர் பேசும், அவர் அதற்கும் சிரிப்பார்.

மச்சினன் பந்தை வைத்தான். அண்ணன் அப்போதே லேசாக இடப்பக்கம் சாய்வது மேலிருந்து நன்றாகத் தெரிந்தது. எனக்கு யாருடா கத்துறது என்று காலையில் கேட்ட குரல் காதிலேயே நின்றது. அதோடு கோப்பை ஆசையும் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய். கீப்பர் ஜன்னல் இடுக்கில் வாயை வைத்தான்.

"குடை!"

அத்தனை பெரிய காலி மைதானத்தில் அது இடி மாதிரி விழுந்தது. நடுவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வெளியாள் மைதானத்துக்குள் நுழையக் கூடாது என்று சட்டம் உண்டு. நோயாளியின் ஜன்னலைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அண்ணன் நிமிர்ந்தார். மச்சினனும் தலையைத் தூக்கி எட்டாவது மாடியைப் பார்த்தான். வார்த்தை புரியாவிட்டாலும் மாமாவின் குரல் அவனுக்குத் தெரியாதா? ஒரு கணம் அப்படியே நின்றான். பக்கத்தை மாற்ற அவனுக்குக் கால் இல்லை. விசில் ஒலித்தது. நான்கடி ஓடி வந்து, குறுக்கே இழுத்து அடித்தான்.

அண்ணன் வலப்பக்கம் பாய்ந்து பந்தை இரண்டு கையாலும் தள்ளிவிட்டார்.

கீப்பர் துள்ளிக் குதித்தான். சந்தோஷம்தான் முதலில் வந்தது. கீழே பத்துப் பேர் அண்ணன் மேல் விழுந்து புரண்டார்கள். அடியிலிருந்து அவருடைய கையுறை மட்டும் ஜன்னலைப் பார்த்து ஆடியது. அதற்குப் பிறகுதான் மேஜையில் ஃபோன் இருப்பது அவனுக்கு உறைத்தது.

"குடையா?" என்றாள் மனைவி. "என்னங்க, அங்க மழையா?"

அவன் ஃபோனைக் கையில் எடுத்தான்.

"இருங்க, இருங்க, தம்பி வர்றான். உங்களுக்கு முடிஞ்சிருக்கும், சொல்லிடாதீங்க. கடவுளே, இத மட்டும் அவன் போட்டுடணும்."

லேப்டாப்ப மூடும்மா என்று சொல்லியிருக்கலாம். அவள் கையைக் கூப்பிக்கொண்டு பார்ப்பதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது அவளுடைய லேப்டாப்பிலிருந்து, மைதானத்து மைக் வழியாக, அவனுடைய குரலே வந்தது. "குடை!"

அவள் கை கீழே இறங்கியது. தம்பி தலையைத் தூக்கிப் பார்த்ததை அவளும் பார்த்திருப்பாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள். அவள் கத்துவாள் என்று நினைத்தான். கத்தவில்லை.

"கால் மேல விழுந்துடக் கூடாதேன்னுதானே சொன்னேன்," என்றாள். "எனக்கும் அவனுக்கும் மட்டும்தானே தெரியும்."

"அண்ணன் ஆறு வருஷமா..." என்று ஆரம்பித்தான். அவனுக்கே அது கேட்கச் சகிக்கவில்லை. நிறுத்திவிட்டான்.

அவள் ஃபோனை மேஜையில் மல்லாக்க வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். திரையில் வீட்டுக் கூரையும் மின்விசிறியும் தெரிந்தன. ஐம்பத்து நான்கு நாளாகப் பார்க்காத மின்விசிறி. இவன் வீடியோவை நிறுத்தவில்லை. கீழே மேடை போட்டு, முகக்கவசம் போட்ட நாலு பேர் முன்னால் கோப்பையைக் கொடுத்தார்கள். வாங்கிய கையோடு எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பி அதை ஆட்டிக் காட்டினார்கள். இவன் இடுக்கு வழியாகக் கையை நீட்டி ஆட்டினான்.

அரைமணி நேரம் கழித்து வீட்டில் லேண்ட்லைன் அடித்தது. முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. மனைவி எடுக்கிற சத்தம் கேட்டது.

"சொல்லுடா தம்பி."

வெகுநேரம் அந்தப் பக்கம்தான் பேசியது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கீப்பர் ஃபோனைக் காதருகே கொண்டுபோய்க் கேட்டான்.

"ஆமாடா," என்றாள். "அக்காதான் சொன்னேன்."

பிறகு அவள் மேஜைக்கு வந்து, அவனைப் பார்க்காமலே, வீடியோவை நிறுத்தினாள்.