சரிவில் இறங்கிய மண்

மேட்டு நிலம் அண்ணனுக்கு, தாழ்நிலம் தங்கைக்கு என்று அப்பா எழுதி வைத்துவிட்டுப் போனார். பரப்பளவில் இரண்டும் ஒன்றுதான். பழத்தோட்டம் போட ஒருவர் இரண்டையும் சேர்த்து விலைக்குக் கேட்டபோதுதான் வம்பு முளைத்தது.

"உன் பக்கம் பூராவும் உப்புப் பூத்துக் கெடக்கு. வர்றதுல கால் பங்கு வாங்கிக்கோ. அதுவே உனக்கு அதிகம்" என்றார் அண்ணன்.

தங்கை நகரத்தில் தையல் கடை வைத்திருந்தாள். கடையைக் காலி செய்யச் சொல்லிக் கட்டடச் சொந்தக்காரர் கெடு வைத்திருந்தார். பாதிப் பங்கு வந்தால் அந்தக் கடை அறையையே விலைக்கு வாங்கிவிடலாம். கால் பங்கில் அதன் வாசல்படிகூட வராது.

அவளுக்குச் சண்டை போட வராது. "ரெண்டு பக்கமும் குழி வெட்டிப் பாத்துடலாம்ண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

"கத்திரிக்கோலோட வந்துட்டா பாருங்க, வெட்டிப் பாக்க" என்றாள் அண்ணி.

மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த ஒரு அம்மாள் வந்தார். சுற்று வட்டாரத்தில் அவரை 'மண்ணு டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் ஒரு கத்தி, அளவு நாடா, தண்ணீர் பீய்ச்சும் புட்டி. உடன் தோண்டும் இயந்திரம் ஒன்று.

முதலில் மேட்டு நிலம். ஒன்றரை அடியில் 'ணங்' என்றது.

"கல்லு ஏதாவது இருக்கும். தள்ளித் தோண்டுங்க" என்றார் அண்ணன்.

தள்ளித் தோண்டினார்கள். அங்கேயும் ணங்.

"பாறை" என்றார் மண்ணு டாக்டர். "எப்படி உழுவீங்க?"

"மேலேருந்து கீழ. கோடு போட்ட மாதிரி நேரா இருக்கும். முப்பது வருஷமா நான்தான் உழறேன்." அண்ணன் குரலில் பெருமை இருந்தது.

அந்த அம்மாள் சரிவை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

தாழ்நிலத்தில் இயந்திரம் தோண்டிக்கொண்டே போனது. எங்கேயும் இடிக்கவில்லை. எட்டடி ஆனதும் நிறுத்தி ஏணி வைத்தார்கள். மண்ணு டாக்டர் முதலில் இறங்கினார். பின்னால் தங்கை. 'என்னத்தைக் கண்டுட்டாங்க' என்று முணுமுணுத்துக்கொண்டே அண்ணன்.

உள்ளே குளிர்ந்தது. அந்த அம்மாள் கத்தியால் சுவரை மேலிருந்து கீழாக மெல்லச் சீவி, தண்ணீர் பீய்ச்சினார்.

சுவர் கண் திறந்தது போல இருந்தது.

கறுப்பு, பழுப்பு, மறுபடி கறுப்பு. கடை அலமாரியில் மடித்து அடுக்கிய துணிகள் போல நூறு மடிப்பு. சில மடிப்பு விரல் கனம். சில மடிப்பு நூல் கனம்.

"உப்பு மேல ஒரு விரக்கடைதான். வடிகால் வெட்டினா ரெண்டு மழையில போயிடும்" என்றார் மண்ணு டாக்டர். "இந்தக் கோடெல்லாம் ஒவ்வொரு பெருமழையும் மேட்டுலேருந்து இறக்கின மண்ணு. சரிவுக்குக் குறுக்கே உழுதிருந்தா மண்ணு அங்கேயே நின்னிருக்கும். நீங்க அதுக்கு நேர் பாதை போட்டுக் குடுத்திருக்கீங்க."

அண்ணன் ஒரு மடிப்பை விரலால் சுரண்டினார். பிறகு, "அப்ப இது என் மண்ணு" என்றார்.

"அள்ளிட்டுப் போண்ணே, யாரு வேணாம்னா?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவர் சட்டென்று குனிந்தார். அவர் இடுப்பு உயரத்தில் கரிக்கோடு ஒன்று, பென்சிலால் இழுத்தது போல, சுவர் நெடுக ஓடியது.

"ஏய். இது வைக்கோல் போர் எரிஞ்ச வருஷம்."

"நீ கொளுத்தினியே, அதுவா?"

"கொளுத்தலடி, பத்திக்கிச்சு." ஐம்பது வயதுக்காரர் பத்து வயதுப் பையனாகப் பதறினார். "நீ அப்ப தொட்டில்ல."

தங்கை கரிக்கோட்டைத் தொட்டாள். விரல் கறுத்தது. அவள் வயது முழுவதும் அந்தக் கோட்டுக்கு மேலே, இடுப்பிலிருந்து தரைமட்டம் வரைக்குள் அடங்கிவிட்டிருந்தது. கோட்டுக்குக் கீழே இன்னும் மூன்றடி. அப்பா உழுத மண் அதில் ஒரு சாண் இருக்கலாம். அதற்கும் கீழே?

அண்ணன் காலடியில் விரல் நீட்டினார். "இது எந்த வருஷம் மேடம்?"

"வருஷக் கணக்குக்குள்ள வராது. ஆறு இந்தப் பக்கம் ஓடினப்போ போட்ட வண்டல். அப்ப இங்க ஊரே இருந்திருக்காது."

ஒரு மண்புழு கறுப்பிலிருந்து தலையை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

மேலே அண்ணியின் முகம் தெரிந்தது. "என்னங்க, நெலம் கேட்டவரு ஃபோன்ல காத்திருக்காரு. அவளுக்குக் கால்னு எழுதச் சொல்லிடவா?"

"பாதி. அவளுக்குப் பாதி, நமக்குப் பாதி."

"என்னது!"

"மேட்டுல பாறைதான் இருக்கு. அவ முக்கால் கேக்கறதுக்குள்ள சொல்லு போ."

பாதி. தங்கையின் காதில் விழுந்தது. கடை அறையின் சாவி, ஜன்னலோரம் போடப்போகும் மிஷின் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வரவேண்டிய நேரம். வந்தன, கொஞ்சம் தாமதமாக. அவள் இரண்டு உள்ளங்கையையும் ஈரச் சுவரில் பதித்து நின்றிருந்தாள்.

அண்ணன் ஏணியில் ஏறவில்லை. அண்ணாந்து இயந்திரக்காரரைக் கூப்பிட்டார்.

"நாங்க ஒதுங்கிக்கறோம். இன்னும் ரெண்டடி தோண்டுங்களேன்."