தோள்மேல் கிடந்த கை

எழுபத்தொன்பதில், கத்தோலிக்கத் தெரு, புராட்டஸ்டன்ட் தெரு என்று பிளந்து கிடந்த எங்கள் பெல்ஃபாஸ்டில் நீ எந்தத் தெரு என்று யாரும் கேட்காத இடம் ஒன்றே ஒன்றுதான்: பங்க் ராக் கச்சேரி நடக்கிற அந்த நாற்றம்பிடித்த மதுக்கடை. கத்தோலிக்கப் பையன்களும் புராட்டஸ்டன்ட் பையன்களும் ஒட்டி உரசிக்கொண்டு குதிப்பார்கள். கேமராமேல் பீர் தெறிக்கும், எச்சிலும் தெறிக்கும். திட்டிக்கொண்டேதான் படம் எடுப்பேன்.

அப்படி எடுத்ததுதான் ஃபெர்கல் சிரிக்கிற படம். கறுப்புத் தோல் சட்டை, முள்முள்ளாய் முடி. அப்புறம் ஒரு ராத்திரி கச்சேரி முடிந்து வீட்டுக்கு நடந்தவனை, கத்தோலிக்கன் என்பதற்காகவே சுட்டுப் போட்டுவிட்டார்கள், பாவிகள்.

நினைவு அட்டையில் அச்சடிக்கப் படம் கேட்டு அவன் அம்மா திருமதி டெவெனி என் ஸ்டுடியோவுக்கு வந்தாள். சின்ன வயதில் தேவாலயத்தில் புதுநன்மை வாங்கிய நாளுக்குப் பிறகு அவன் கேமரா முன் நின்றதே இல்லையாம். என் படத்தில் அவன் தோள்மேல் யாரோ ஒருவன் கை போட்டிருந்தான். கை போட்டவன் முகத்தை ஓரத்தோடு வெட்டிவிடலாம், கையை வெட்ட வழியில்லை. கட்டைவிரலடியில் ஊசியால் குத்திய கோணல் நட்சத்திரம்கூடத் தெரிந்தது. யார் கை என்று கேட்டாள். சிநேகிதன் என்று மட்டும் சொன்னேன்.

“கை இருக்கட்டும்மா. எம்புள்ளய ஒருத்தனாவது அணைச்சிருந்தான்னு ஊருக்குத் தெரியட்டும்.”

மறுநாள் மெர்வின் வந்தான். புராட்டஸ்டன்ட் பையன், கைக்குச் சொந்தக்காரன்.

“பேப்பர்லயும் அதே படந்தான் வருமாம்க்கா. எங்க தெருவுல எல்லாருக்கும் இந்த நட்சத்திரம் தெரியும். கத்தோலிக்கனோட சிநேகம்னு தெரிஞ்சா அடுத்தது நான்தான்.”

கோழை என்று திட்ட வாய்வரை வந்தது. ஆனால் இன்னொரு அட்டைக்குப் படம் போட எனக்குத் தெம்பில்லை. மெல்லிய தூரிகையில் கறுப்பு மை தொட்டு, விரல் விரலாக அந்தக் கையைத் தோல் சட்டைக்குள் மறைத்தேன். பக்கத்திலேயே நின்று அழுதான்.

மை காய்வதற்குள் திருமதி டெவெனி வந்துவிட்டாள். மெர்வின் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டான். அவள் படத்தையே பார்த்தாள்.

“கை எங்கம்மா?”

நான் தூரிகையைக் கீழே வைத்தேன். அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். மெர்வின் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டான். நட்சத்திரத்தை அவள் பார்த்துவிட்டாள்.

பெயர் கேட்கவில்லை. அந்தக் கையைப் பிடித்துத் தன் தோள்மேல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டாள். பிறகு அவளே அதை அவன் கோட்டுப் பைக்குள் திரும்ப வைத்தாள்.

“வெளிய எடுக்காதப்பா. தெருவுல பாத்துடப் போறாங்க.”