பிறை விரிசல்

உலோகங்களின் வரலாற்றில் இதுவரை எவர் கண்ணிலும் படாத ஒரு விரிசலை நமது வார்ப்பாலை கண்டுபிடித்துவிட்டது. இந்தப் பேருண்மையைத் தாங்கிக்கொள்ள உலகம் தயாராக வேண்டும். தரக்கட்டுப்பாட்டு மேலாளர் அறிவிப்புப் பலகையில் ஏறக்குறைய இந்தத் தொனியில்தான் ஓர் அறிவிப்பை ஒட்டியிருந்தார். ஆலையில் அவருக்கு விஞ்ஞானி என்று பெயர். காதுபடச் சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். பாராட்டு என்றே நம்பினார்.

விஷயம் இதுதான். நீராவி வால்வு ஒன்றின் எக்ஸ்ரே பிலிமில், கழுத்துப் பகுதியில், கறுப்பாக ஒரு பிறை தெரிந்தது. விஞ்ஞானி அதைச் சுற்றிச் சிவப்பு மெழுகுப் பென்சிலால் விரல் தடிமனில் வட்டம் போட்டார். 'பிறை விரிசல்' என்று பெயர் சூட்டினார். மாநாட்டில் வாசிக்க நாற்பது பக்கக் கட்டுரையும் எழுதி முடித்தார். குற்றவாளியும் கிடைத்துவிட்டான்: வார்ப்பு அச்சுக்கு மணலைச் சரியாக இடிக்காத மோல்டர். திங்கட்கிழமை விசாரணை, அதன் பிறகு வீடு என்று அவனுக்கு மெமோ போனது.

அந்த மோல்டர், எக்ஸ்ரே அறைப் பிலிம்காரருக்கு மச்சினன்.

"என் தம்பிக்கு வேலை போச்சுன்னா, அவன், அவன் பொண்டாட்டி, மூணு பிள்ளைங்க, அத்தனை பேரும் இங்கதான் வந்து நிப்பாங்க" என்றாள் பிலிம்காரரின் மனைவி. "நம்மகிட்ட இருக்கறது ஒரே பாத்ரூம். யோசிச்சுக்குங்க."

பிலிம்காரர் யோசித்தார். யோசிக்க யோசிக்க வலது கட்டைவிரல் குறுகுறுத்தது. படமெடுத்த பிலிமை இருட்டறையில் உறையிலிருந்து உருவும்போது விரல் அழுத்தி அது மடங்கிவிட்டால், கழுவியதும் அந்த இடத்தில் கறுப்பாய் ஒரு பிறை விழும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுக்கிற சமாச்சாரம். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்காரர் அதைச் செய்தார் என்று தெரிந்தால் கேன்டீனில் தலைகாட்ட முடியாது.

மச்சினன் எக்ஸ்ரே அறை வாசலில் வந்து நின்றான்.

"அத்தான், நான் ஒழுங்காத்தான் இடிச்சேன். உங்க மெஷின்கிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன்."

"மெஷின் என் பேச்சைக் கேக்காதுப்பா."

"எங்க அக்காவும்தான் கேக்காது. அதுக்காகப் பேசாமயா இருக்கீங்க?"

திங்கட்கிழமை முதலாளி வந்து உட்கார்ந்தார். விளக்குப் பெட்டியின் மேல் பிலிம் கிடந்தது. விஞ்ஞானி தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் பக்கத்தைப் புரட்டுமுன் பிலிம்காரர் எழுந்துவிட்டார்.

"சார், அது விரிசல் இல்ல. என் கட்டைவிரல்."

கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"பிலிமை உருவறப்ப மடக்கிட்டேன். இன்னொரு படம் எடுத்தா அது இருக்காது."

"கட்டைவிரலா?" விஞ்ஞானியின் குரல் கீச்சிட்டது. "யோவ், நாற்பது பக்கம் எழுதியிருக்கேன்யா!"

"இன்னொண்ணு எடுங்க" என்றார் முதலாளி.

எடுத்தார்கள். இம்முறை பிலிம்காரர் பிலிமை விளிம்பில் மட்டும் பிடித்து, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் கழுவி, விளக்குப் பெட்டியில் வைத்தார். பிறை இல்லை. மச்சினன் அவர் தோளைக் கட்டிக்கொண்டான். விஞ்ஞானி கட்டுரையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கினார்.

பிலிம்காரர் மட்டும் இன்னும் குனிந்தபடி இருந்தார். பிறை இருந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, அரிசி மணி அளவில் ஐந்து கறுப்புப் புள்ளிகள். பழைய பிலிமை எடுத்து, விஞ்ஞானியின் சிவப்பு வட்டத்தைத் துணியால் அழுத்தித் துடைத்தார். மெழுகுக்கு அடியில் அதே ஐந்து புள்ளிகள்.

"காற்றுத் துளை" என்றார் முதலாளியிடம். "பொருத்தியிருந்தா ஒழுகியிருக்கும்."

மச்சினன் எட்டிப் பார்த்தான். குரல் இறங்கியது.

"அத்தான்... அதுவும் உங்க விரலா?"

எல்லோரும் பிலிம்காரரைப் பார்த்தார்கள். தலையை ஆட்டினால் போதும். அன்றைக்கு அவர் விரலை நம்ப எல்லோரும் தயாராக இருந்தார்கள்.

"இல்லப்பா" என்றார். "இது உன்னுது."

"மணல்ல ஒரு வாளி தண்ணி கூடிப்போச்சு" என்றான் மச்சினன், தரையைப் பார்த்து.

விஞ்ஞானி உற்சாகமாகச் சிவப்புப் பென்சிலை எடுத்தார். முதலாளி அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

இப்போது பிலிம்காரர் வீட்டில் ஏழு பேர். பாத்ரூம் ஒன்றுதான்.