நாற்பது நிமிட மௌனம்

வானொலி நிலையத்தின் முப்பதாம் ஆண்டு நிகழ்ச்சி தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போதுதான் அந்தத் தாள்கள் அவள் கைக்கு வந்தன. வருஷா வருஷம் நிலையத்தின் வரலாற்றை நேரலையில் வாசிப்பவர் மூத்த அறிவிப்பாளர். அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கட்டுவதற்கு வேறு நாளே கிடைக்கவில்லை பாருங்கள். வானிலையும் பேருந்து நேரமும் சொல்லிக்கொண்டிருந்தவளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள்.

இரண்டாம் பக்கத்தில் அந்த வரி இருந்தது. வெள்ளம் வந்த அன்று, பணியில் இருந்த தொழில்நுட்பர் ஒலிபரப்பு இயந்திரத்தை அணைத்துவிட்டு வெளியேறியதால் நிலையம் நாற்பது நிமிடம் ஊமையாகிப்போனது என்று எழுதியிருந்தது. அந்தத் தொழில்நுட்பர் அவளுடைய அப்பா.

எச்சரிக்கை போய்ச்சேராத அந்த நாற்பது நிமிடத்தில் ஆற்றோரத் தெருவில் இரண்டு உயிர் போனது. பழி மொத்தமும் அப்பா தலையில் விழுந்தது, வேலையும் போனது. நிறுத்தச் சொன்னதே இயக்குநர்தான், புது இயந்திரம் நனைந்துவிடும் என்று பயந்தார் என அப்பா ஊரெல்லாம் சொல்லிப் பார்த்தார். வாய் வலித்ததுதான் மிச்சம். பிற்பாடு இதே இயக்குநர் அவளுக்கு வேலை கொடுத்தார், பாவம் பார்த்துக் கொடுத்ததாகப் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லியும் வைத்தார். பெரிய மனசுதான் போங்கள்.

அப்பா சொன்னதை அவள் நம்பினாள். தூக்கம் பிடிக்காத நேரங்களில் மட்டும் ஒருவேளை, ஒருவேளை என்று மனசு அரிக்கும். அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருக்கும்.

ஓடிப்போய் இயக்குநரிடம் அந்த வரியை விட்டுவிடலாமா என்று கேட்டாள். "வருஷா வருஷம் வாசிக்கிறதுதானம்மா. பேர் ஒண்ணும் சொல்லலையே," என்றார் அவர், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே.

சிவப்பு விளக்கு எரிந்தது. அவளுக்கு எதிரே, பழைய நினைவுகளைப் பகிர்ந்துகொள்ள இயக்குநர் தன் மைக்கோடு உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர். மூன்று வினாடிக்கு மேல் பேச்சு நின்றால் பாட்டைப் போட்டுவிட வேண்டும் என்பது இயக்குநரே வைத்த சட்டம்.

முதல் பக்கம் தடங்கலில்லாமல் போனது. இரண்டாம் பக்கம் வந்ததும் அவள் தாளைக் கீழே வைத்தாள்.

"சார், இந்த எடத்துல ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு மெஷினை அணைக்கச் சொன்னது யாரு?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஒலிப்பதிவாளரின் விரல் பாட்டுப் பொத்தானுக்குப் போனது. வேண்டாம் என்று அவள் தலையசைத்தாள். அந்த ஆள் இயக்குநரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு கையை எடுத்துச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

நான்கு வினாடி, ஐந்து வினாடி. நானில்லை என்று ஒரு வார்த்தை இவர் சொல்லிவிட்டால் போதும், அப்பா ஊரறியப் பொய்யராகிவிடுவார். அதுவும் பெற்ற மகள் வாயாலேயே. வேலை போவது அப்புறம். எட்டு, ஒன்பது. ஊரில் பாதிப் பேர் ரேடியோவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இயக்குநர் சிரிக்கப் பார்த்தார். அதெல்லாம் பழைய கதை என்று பூசி மெழுகினார். அவள் சிரிக்கவில்லை.

"எங்கப்பா கேட்டுட்டிருப்பாரு சார்."

அவர் தலை குனிந்தது. நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"நான்தாம்மா சொன்னேன். அஞ்சு நிமிஷத்துல திரும்பப் போட்டுரலாம்னு நெனச்சேன். அவரு வேணாம்னாரு. நான்தான் கத்தி நிறுத்த வெச்சேன்."

அவள் பாட்டைப் போடச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு எழுந்து வெளியே வந்தாள். அதற்குள் அம்மாவின் போன்.

"என்னடி சொன்ன ரேடியோவுல?"

கேட்கவில்லையா என்றாள் அவள்.

"எங்க கேக்க? வருஷா வருஷம் இந்த நேரத்துக்கு உங்கப்பா அதை அணைச்சிட்டு எங்கயாவது கெளம்பிடுவாரு. இன்னைக்கு ஷேவிங்குக்குப் போனாரு."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அம்மா நிறுத்தவில்லை.

"இப்ப பாதியில வந்து நிக்கிறாரு. தெருமுனை சலூன்ல ரேடியோ ஓடிட்டிருந்துச்சாம். ஒரு கன்னத்துல நுரை அப்படியே இருக்கு, கழுத்துல சலூன்காரங்க துண்டு. உள்ள வாங்கன்னா வரல. நான்தான் சொன்னேன்ல, நான்தான் அப்பவே சொன்னேன்லன்னு அதையே சொல்லிட்டு வாசல்ல நின்னு அழறாரு."