குதிகால் எரிமலை

நான் தூங்குகிறேன் என்று நினைத்து மருமகள் என் குதிகாலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் எங்கே தூங்கினேன்? ரயிலில் டிக்கெட் பரிசோதகராகக் காலம் தள்ளியவன். மேல் படுக்கையில் கேட்பது நிஜக் குறட்டையா, என்னைக் கண்டதும் தொடங்கிய குறட்டையா என்று கதவருகிலிருந்தே சொல்லிவிடுவேன். அன்று அந்த நடிப்பை நானே நடித்தேன். சாய்வு நாற்காலியில் காலை நீட்டி, வாயைக் கொஞ்சம் திறந்து, அளவாகக் குறட்டை விட்டேன். அவள் மேசை விளக்கைக் கொண்டுவந்து தரையில் வைத்து, குதிகாலில் வெளிச்சம் பக்கவாட்டாக விழும்படி திருப்பினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கைபேசியை நீட்டினாள்.

என் குதிகால் அப்படியொன்றும் பார்க்க லட்சணமான பொருள் இல்லை. ஓடும் வண்டியில் நின்றே தேய்ந்தது, பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மனைவி இருந்தவரை திட்டியாவது களிம்பு பூச வைப்பாள். அவள் போனபின் கேட்க நாதியில்லை.

சந்தேகம் சும்மா வரவில்லை. சில நாள் முன்பு வீட்டுத் தொலைபேசி அடித்தது, நான்தான் எடுத்தேன். “முதியோர் இல்லத்துலேர்ந்து பேசறோம். பெரியவரைச் சேக்கணும்னு விசாரிச்சிருந்தீங்களே, ரூம் பாக்க எப்ப வர்றீங்க?” ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். இந்த வீட்டில் இருப்பதே இரண்டு அறை. ஒன்று அவர்களுக்கு, ஒன்று எனக்கு. மருமகளுக்குக் கணினியில் படம் வரையும் வேலை. கூடத்து மூலையில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து வரைவாள். என் அறைமேல் யாருக்குக் கண் இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

டிக்கெட் எடுக்காமல் வித்அவுட்டில் வருபவனைப் பிடிப்பது பெரிய வித்தை இல்லை. அவன் ஓடமாட்டான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வேடிக்கை பார்ப்பான். நான் பக்கத்தில் போய், “வெளிய என்ன தெரியுது?” என்று கேட்பேன். அவ்வளவுதான், முகம் தொங்கிவிடும். இவளோ ஜன்னலைப் பார்ப்பதே இல்லை. என் காலையே பார்க்கிறாள். பலே கைகாரி!

அவள் குளிக்கப் போன நேரம் கணினித் திரையை எட்டிப் பார்த்தேன். பகீரென்றது. என் குதிகால்தான். கரியாகக் கறுத்து, வெடிப்புக்குள் செக்கச்செவேல் என்று ரணமாக இருந்தது. உள்ளதை ஒன்பதாக்கி யாரிடமோ காட்டப்போகிறாள், ‘இவரை வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது’ என்று சொல்ல.

மகனிடம் கேட்டேன். “உன் பொண்டாட்டி எதுக்குடா என் காலை போட்டோ எடுக்கறா?”

“எனக்கென்னப்பா தெரியும்” என்றான். எழுந்துபோய் ஜன்னல் திரையை விலக்கி, “மழை வரும் போலிருக்கு” என்றான். என் கண் சமையலறையில் இருந்த அவள்மேலேயே இருந்தது.

அப்படியா சேதி என்று நானும் களத்தில் இறங்கினேன். கதவைச் சாத்திக்கொண்டு வெந்நீரில் காலை ஊறவைத்தேன், கல்லில் தேய்த்தேன், களிம்பு பூசி காலுறை மாட்டினேன். மனைவி கெஞ்சியபோது செய்யாததை வீம்புக்குச் செய்தேன். வெடிப்பெல்லாம் மூடி, குதிகால் குழந்தையின் கன்னம் மாதிரி ஆனது.

ஒரு விடுமுறைக் காலை. மூவரும் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். காலுறையைக் கழற்றி காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்தேன். “இப்ப எடும்மா போட்டோ. எந்த இல்லத்துக்கு அனுப்பப்போற?”

அவள் குனிந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. “ஐயோ மாமா, எல்லாம் போச்சே!”

என்னைக் கணினிமுன் இழுத்துக்கொண்டு போனாள். திரையில் ஒரு மலை உச்சியிலிருந்து நெருப்புக் குழம்பு வழிந்தது. ஓர் அருங்காட்சியகத்தின் சுவர் முழுக்க வைக்கப்போகும் எரிமலைப் படமாம். “கம்ப்யூட்டர்லயே இருக்கற ரெடிமேட் பிரஷ்ல புகையெல்லாம் காலிஃபிளவர் மாதிரி வருது, பாறை கரி பூசின மாதிரி வருது. உங்க வெடிப்பைத்தான் பிரஷ்ஷா மாத்தினேன்.” கணினியில் வரையும் பேனாவை என் கையில் திணித்தாள். அடியில் சிவப்பு, அதன்மேல் முழுக்கக் கறுப்பு. நான் இழுத்த இடத்திலெல்லாம் என் வெடிப்பின் வடிவத்தில் கறுப்பு கிழிந்து, உள்ளே இருந்த நெருப்பு எட்டிப் பார்த்தது. அழுத்தினால் பள்ளம் அகன்றது. அந்த மலை முழுக்க என் கால்!

“கேட்டுட்டு எடுத்திருக்கலாமே?”

“மாமனார்கிட்ட போய் காலைக் காட்டுங்கன்னு எப்படிக் கேக்கறது? நீங்க வேற எதுக்கு, யாருக்கு, எப்பன்னு நூறு கேள்வி கேப்பீங்க. தூரத்து மலைக்கு அந்த போட்டோ போதும். முன்னால வர்ற பாறைக்குக் கிட்டத்துல தெளிவா எடுக்கணும், இன்னிக்கிக் கேட்டுடலாம்னு இருந்தேன்.” குரல் உடைந்தது. “இந்த வேலை கைக்கு வந்தா மூணு ரூம் வீட்டுக்குப் போயிடலாம், அதுவரைக்கும் மாமா இங்கதான்னு சண்டை போட்டு வச்சிருக்கேன். இல்லன்னா உங்க பிள்ளை விசாரிச்ச எடத்துக்குத்தான்...”

பாதியில் நிறுத்திவிட்டாள். இத்தனை நாள் டிக்கெட் வைத்திருந்தவளையே சோதனை போட்டிருக்கிறேன்.

சட்டைக் கையை மடித்து முழங்கையைத் திருப்பிக் காட்டினேன். நாற்காலியில் ஊன்றி ஊன்றிக் காய்த்து, கறுத்து, மடிப்பு மடிப்பாக இருந்தது. “இது ஆகுமா பாரு.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கை எடுத்தாள். பக்கத்தில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். “கையை ஆட்டாதீங்க மாமா” என்றாள்.

கையை ஆட்டாமல் தலையை மட்டும் திருப்பினேன். மகன் தட்டை அப்படியே விட்டுவிட்டு ஜன்னலோரம் நின்றிருந்தான். முதுகு எங்கள் பக்கம்.

“வெளிய என்னப்பா தெரியுது?” என்று கேட்டேன்.